மூக்கக்காவும் சம்பந்தியின் டேங்கும்

பால் அடியோடு கருகி, பாத்திரம் கன்னங்கரேலென்று ஆகி, புகை ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போன பிறகுதான் மூக்கக்காவின் குட்டு உடைந்தது.

அடுப்புக்கும் அவளுக்கும் இரண்டு கை தூரம்கூட இல்லை. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தரையில் விரித்திருந்த இரும்புத் தகட்டில் சாக்பீஸால் கோடு இழுத்துக்கொண்டிருந்தாள். யாரோ வீட்டுக்கு இரும்பு கேட் செய்யச் சொல்லியிருந்தார்கள், அதற்கு அளவு. அவளுடைய புருஷன் வீட்டின் முன் அறையில் வண்டிகளுக்கு சீட் கவர் தைப்பவர். வெளியே காற்று வாங்க வந்தவர் புகையைப் பார்த்துவிட்டுக் கையிலிருந்த கத்தரிக்கோலோடு ஓடிவந்தார்.

“வீடே பத்தி எரியுது, நீ பாட்டுக்குக் கோடு போட்டுக்கிட்டு இருக்கே?”

அவள் திரும்பிப் பார்த்தாள். பார்த்தவள் திடுக்கிட்டாள். அந்தத் திடுக்கிடலைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவருக்கு அதுகூடத் தெரியாதா? உள்ளே போய் சீட்டுக்குப் பசை தடவுகிற டப்பாவை எடுத்துவந்தார்.

“கண்ணை மூடு.”

“எதுக்கு?”

“மூடேன். இது என்ன வாசனைன்னு சொல்லு.”

அவள் கண்ணை மூடி, ஆழமாக இழுத்து, கொஞ்சம் யோசித்து, “சோப்பு” என்றாள்.

அந்தப் பசையைத் திறந்தால் நாலு வீடு தள்ளி இருப்பவர்களுக்குத் தலை வலிக்கும். அவர் டப்பாவை மூடிவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

“எத்தனை நாளா?”

“அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அப்பலேருந்து.”

“அது வந்து அஞ்சு மாசம் ஆச்சு!”

“ஆச்சு. அதுக்கு என்ன இப்ப? மூச்சு வருதில்ல?”

இதில் பயப்பட என்ன இருக்கிறது, காய்ச்சலில் நாலு பேருக்கு மூக்கு போகிறதுதானே என்று நினைப்பவர்களுக்கு மூக்கக்காவைத் தெரியாது என்று அர்த்தம். அவளுடைய பெயரே அந்த மூக்கால் வந்த பெயர். வெல்டிங் செய்கிற பெண்பிள்ளை என்றால் ஊரே திரும்பிப் பார்த்த காலத்தில் அவள் இறங்கியவள். கட்டில், ஜன்னல் கம்பி, கேட் என்று ஆரம்பித்தாள். பிறகு யாரும் தொடத் துணியாத ஒரு வேலைக்கு வந்தாள்: வண்டிகளின் பழைய பெட்ரோல் டேங்க். ஓட்டையை அடைப்பது, புதிதாக ஒரு குழாய் வைப்பது, வாயை மாற்றுவது. மற்ற வெல்டிங்காரர்களிடம் டேங்கைக் கொண்டுபோனால், “வேற ஏதாவது இருந்தா குடுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவார்கள். தப்பில்லை. அடுத்த தெருவில் ஒருத்தர், காலியாகத்தானே இருக்கிறது என்று ஒரு டேங்கில் நெருப்பை வைத்தார். டேங்கின் ஒரு பக்கம் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. உயிர் பிழைத்ததே பெரிய விஷயம். இன்றைக்கும் அவரிடம் பேசவேண்டுமென்றால் வலது காதுப் பக்கம் போய் நின்றுதான் பேசவேண்டும்.

“நிறைஞ்ச டேங்கைவிடக் காலி டேங்குதான் பொல்லாதது” என்பாள் மூக்கக்கா. “நிறைஞ்சிருந்தா காத்துக்கு இடம் இல்ல. காலியா இருந்தா உள்ள பூரா ஆவியும் காத்தும் கலந்து உக்காந்திருக்கும். எப்படா ஒரு பொறி வரும்னு பாத்துக்கிட்டே.”

பட்டறைக்காரர் ஒருவர், சுத்தமாகக் கழுவியாகிவிட்டது என்று சத்தியம் செய்து கொண்டுவந்த டேங்கை அவள் வாசலிலேயே ஒரு முறை முகர்ந்துவிட்டு, “எடுத்துக்கிட்டுப் போங்க, உள்ள இன்னும் இருக்கு” என்றாள். கவிழ்த்துத் தட்டினால் மடிப்பிலிருந்து அரை டம்ளர் பெட்ரோல் வந்தது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பெயர். அப்புறம் அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கிறது என்பதே பலருக்கு மறந்துபோயிற்று. மகளின் கல்யாணத்துக்கு வந்தவர்கள்கூட “மூக்கக்கா வீட்டுக் கல்யாணம்” என்றுதான் வழி கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

இப்போது அந்த மூக்கு இல்லை.

“டேங்க் வேலையை இன்னியோட விட்டுடு” என்றார் புருஷன்.

“விட மாட்டேன்.”

“கேட்டு இருக்கு, கட்டில் இருக்கு, நாற்காலி இருக்கு. கை இருக்கற வரைக்கும் வேலை இருக்கும். டேங்குக்கு மூக்கு வேணும்மா. நான் சொல்லலை, ஊரே சொல்லுது.”

“ஊருக்கு என்ன தெரியும்? இந்த அஞ்சு மாசத்துல நாலு டேங்க் பண்ணியிருக்கேன். நான் முழுசா உக்காந்திருக்கேனா இல்லையா?”

அவர் சட்டையில் குத்தியிருந்த ஊசியை எடுத்து நூல் கோர்க்கப் பார்த்தார். மூன்று தடவையும் தவறிற்று. ஊசியில் ஒரே தடவையில் நூல் கோர்க்கிற கை அது. அதைப் பார்த்ததும் அவளுடைய வீம்பு கொஞ்சம் இறங்கிற்று. மெதுவாக எழுந்து போய்த் தன்னுடைய சாமான் பெட்டியைத் திறந்து, பழைய துணியில் சுற்றி வைத்திருந்த ஒரு பொருளை எடுத்துவந்தாள். கைக்கடக்கமான மீட்டர். முனையில் மெல்லிய ரப்பர் குழாய்.

“இதை டேங்குக்குள்ள விட்டா ஆவி இருந்தா கத்தும். மூக்கு போன மறு வாரமே வாங்கிட்டேன்.”

“எங்கிட்ட சொல்லலையே?”

“யாருகிட்டயும் சொல்லலை. மூக்கக்கா கையில மீட்டரைப் பாத்தா என்ன நினைப்பாங்க? மூக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாங்க. கேட்டா, டேங்க் வருமா?”

யாரும் இல்லாத நேரம் பார்த்து, திருட்டுத்தனமாகத்தான் அதை இதுவரை வெளியே எடுத்திருக்கிறாள். புருஷன் டீ குடிக்கப் போனால், டேங்கைக் கொண்டுவந்தவர் ஃபோன் பேச நகர்ந்தால். ஒளித்து வைக்கிற கருவியை நம்பி நெருப்பு வைப்பதா என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அவளுக்கும் அது உறைத்தது. ஆனால் ஒத்துக்கொள்ள மனம் வரவில்லை.

கடைசியில் ஒரு பேச்சுக்கு வந்தார்கள். அடுத்து வருகிற டேங்கை அவர் கூடவே இருந்து முதலிலிருந்து கடைசிவரை பார்ப்பார். மூக்கு இல்லாததால் ஒரே ஒரு இடத்தில் அவள் தடுமாறினாலும் சரி, அதோடு டேங்க் வேலைக்கு முழுக்கு. அவள் சரி என்றாள். ‘பாக்கலாமே’ என்கிற தோரணையில்தான் சொன்னாள்.

அடுத்து வந்த டேங்க் யாருடையது என்கிறீர்கள்? சம்பந்தியுடையது.

மூக்கக்காவின் மகளைக் கட்டியவனின் அப்பா நூலக வண்டி ஓட்டுபவர். வண்டி நிறைய அலமாரி, அலமாரி நிறையப் புத்தகம். அதைத் தூர தூரத்துத் தெருக்களுக்கெல்லாம் கொண்டுபோய் நிறுத்தி, கேட்பவர்களுக்குக் கொடுத்து, வாங்கி, அடுக்கி எல்லாம் அவரேதான். வண்டியை அவர் துடைக்கிற துடைப்பில் பாதியைக்கூடத் தன் மேல் காட்டியதில்லை என்று சம்பந்தியம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்த வண்டியின் பழைய எஞ்சின் உயிரை விட்டுவிட்டது. வேறொரு எஞ்சின் போட்டாயிற்று. புது எஞ்சினுக்கு பம்ப் டேங்குக்குள்ளேயே உட்காரவேண்டும். ஆகவே டேங்கின் மேல் பக்கம் ஒரு வட்ட வாய் வெட்டி வளையம் வைக்கவேண்டும். மிச்ச பெட்ரோல் திரும்பி வர மேல் விளிம்போரம் பக்கவாட்டில் ஒரு சின்னக் குழாயும் வேண்டும்.

சம்பந்தி டேங்கைக் குழந்தையைப் போலத் துண்டில் சுற்றி எடுத்துவந்தார்.

“எஞ்சின் மாத்தின மெக்கானிக் புது டேங்க் வாங்குங்கன்னான். நான் சொன்னேன், டேய், எங்க சம்பந்தி மூக்கு இருக்கறப்ப எனக்கு எதுக்குடா புது டேங்க்? அவங்க முகந்து பாத்துச் சரின்னா சரி!”

புருஷன் இருமினார். மூக்கக்கா, “வாங்க சம்பந்தி, முதல்ல தண்ணி குடிங்க” என்றாள்.

சம்பந்தி என்றால் சும்மாவா? மகள் வாழ்கிற வீட்டின் தலைவர். அவரிடம் குரலை உயர்த்தமுடியாது, முகத்தைச் சுளிக்கமுடியாது, வேலை நடக்கிற இடத்தில் குறுக்கே நின்றால் நகரச் சொல்லவும் முடியாது. மூக்கக்கா மற்ற வாடிக்கைக்காரர்களை விரட்டுகிற விரட்டை அவர் பார்த்ததே இல்லை.

அன்று காலையிலிருந்து வேலை. டேங்கில் இருந்ததையெல்லாம் வடித்தாயிற்று. பெட்ரோல் அளவு காட்டுகிற மிதவையைக் கழற்றினாள், ரப்பர் குழாய்களைக் கழற்றினாள், மூடியையும் எடுத்து வைத்தாள். பக்கத்தில் அடுப்பு இல்லை, பீடி இல்லை, கரண்ட்டில் ஓடுகிற எதுவும் இல்லை. கொல்லைப்புறத்து வெட்டவெளி. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர், அதில் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிற தூள். ஊற்றி, ஊறவைத்து, நாலு பக்கமும் சாய்த்துச் சாய்த்துக் குலுக்கினாள். டேங்குக்குள்ளே பெட்ரோல் தளும்பாமலிருக்க இரண்டு தடுப்புத் தகடுகள் நிற்கும். கள்ளத்தனமாகப் பெட்ரோல் ஒளிவது அதற்குப் பின்னாலும், தகடு தகடோடு சேர்கிற மடிப்பிலும்தான். அதனால் வெறுமனே ஊற்றிக் கொட்டினால் போதாது. ஒவ்வொரு முறையும் கழுவிய தண்ணீரை வெள்ளைத் தட்டில் பிடித்து வெயிலில் வைத்துப் பார்த்தாள். முதல் தண்ணீரில் மேலே வானவில் மாதிரி நிறம் நிறமாக ஒரு படலம். இரண்டாவதிலும் கொஞ்சம். நாலாவது தண்ணீர் வெறும் தண்ணீராக வந்தது. அதோடு விடவில்லை, ஐந்தாவதும் ஊற்றினாள்.

“நாலே சுத்தமாத்தானே வந்துச்சு?” என்றார் புருஷன்.

“அது எனக்குத் தெரியும். அஞ்சாவது உங்களுக்கு.”

சாயங்காலம் அவள் கண்ணைக் காட்ட, புருஷன் சம்பந்தியை டீ குடிக்கக் கூட்டிக்கொண்டு போனதும் மீட்டரை எடுத்தாள். அடியில் விட்டாள், தடுப்புகளுக்குப் பின்னால் விட்டாள், மூலைக்கு மூலை விட்டாள். பூஜ்யம். துணியில் சுற்றிப் பெட்டியில் போட்டாள். லேத்தில் கடையக் கொடுத்திருந்த வளையம் மறுநாள் காலையில்தான் கிடைக்கும். அதனால் டேங்கின் வாயெல்லாம் திறந்து, மரச்சட்டத்தின் மேல் கவிழ்த்து, தண்ணீர் வடிய வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். சம்பந்தி அன்றிரவு அங்கேயே தங்கினார்.

மறுநாள் காலை அவள் லேத்துக்குப் போய் வளையத்தோடு திரும்பியபோது கொல்லையில் ஒரு சபையே கூடியிருந்தது. சம்பந்தி, புருஷன், கூடவே எஞ்சின் மாற்றிய மெக்கானிக். இந்த மெக்கானிக்தான் அவளுக்கு வருகிற டேங்குகளில் முக்கால்வாசியை அனுப்புகிறவர். கொஞ்சமாகப் பேசுவார், நிறையக் கவனிப்பார். சம்பந்திதான் வேடிக்கை பார்க்க வரச் சொல்லியிருந்தார்.

“வாங்க வாங்க, மூக்கு வந்தாச்சு!” என்றார் சம்பந்தி. “நான் ஏற்கெனவே முகந்து பாத்துட்டேன் சம்பந்தி. ஒண்ணுமில்ல. சுத்தம்!”

“நானும் பாத்தேன்” என்றார் புருஷன். அவள் வருவதற்குச் சற்று முன், தன்னுடைய மூக்கையாவது அவளுக்குக் கடன் கொடுப்போம் என்று டேங்குக்குள் தலையை விடாத குறையாக முகர்ந்திருக்கிறார். “துளி வாசனை இல்ல.”

மெக்கானிக்கும் குனிந்து முகர்ந்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

மூன்று மூக்கு சொல்லியாயிற்று. இனி நாலாவது மூக்கும் பேருக்கு ஒரு தடவை குனிந்து நிமிர்ந்தால் போதும். எல்லாரும் அதைத்தான் எதிர்பார்த்து நின்றார்கள். அவளும் குனிந்தாள். குனிந்தபோது டேங்கின் வாயிலிருந்து குளிர்ந்த காற்று முகத்தில் பட்டது. அவ்வளவுதான். அதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை, அவளுக்கு எங்கே தெரியும்?

அவளுடைய சட்டம் ஒன்று உண்டு. டேங்க் தன் கண்ணை விட்டு மறைந்திருந்தால், நெருப்பு வைப்பதற்கு முன் மறுபடி பார்க்கவேண்டும். நேற்றுப் பார்த்தது நேற்றைய டேங்க். பார்ப்பதற்கான கருவி பெட்டியில் இருக்கிறது. எடுத்தால் மெக்கானிக் பார்ப்பார், சம்பந்தி பார்ப்பார். சம்பந்தி பார்த்தால் ஊர் பார்த்த மாதிரி. இருபது வருஷத்துப் பெயர் மத்தியானச் சாப்பாட்டுக்குள் போய்விடும். எடுக்காமல் விட்டால்? ஐந்து தண்ணீர் ஊற்றியிருக்கிறாள், நேற்று பூஜ்யம் காட்டியிருக்கிறது, மூன்று பேர் இல்லை என்கிறார்கள்.

புருஷன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் அவள் அவருக்காக எடுக்கவில்லை. டேங்குக்கு மரியாதை கொடுத்தே பழகிய கை அது. மனசு கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பெட்டியைத் திறந்துவிட்டது.

“இது என்ன சம்பந்தி, ரேடியோவா?” என்றார் சம்பந்தி.

அவள் பதில் சொல்லாமல் ரப்பர் குழாயை டேங்கின் வாய்க்குள் இறக்கினாள். முதல் தடுப்பைத் தாண்டவில்லை, மீட்டர் அலறிற்று.

அப்படி ஒரு அலறல். பக்கத்து வீட்டுச் சுவர்மேல் படுத்திருந்த பூனை எழுந்து ஓடிற்று. சம்பந்தி இரண்டடி பின்னால் போனார். மெக்கானிக் அசையவில்லை, கண்களை மட்டும் மீட்டரிலிருந்து அவள் முகத்துக்குக் கொண்டுவந்தார். அவள் குழாயை உருவி, வெளிக்காற்றில் காட்டி, அலறல் அடங்கியதும் மறுபடி விட்டாள். மறுபடி அலறிற்று.

“நேத்து இது பூஜ்யம் காட்டுச்சு” என்றாள் மெதுவாக. “டேங்கை யாரு தொட்டது?”

புருஷன் மெக்கானிக்கைப் பார்த்தார். சம்பந்தி தன் செருப்பைப் பார்த்தார்.

“சம்பந்தி?”

“இல்ல… காலைல எழுந்து பாத்தேனா… உள்ள லேசா துரு பூத்த மாதிரி செவப்பா இருந்துச்சு. தண்ணி பட்ட இரும்பு இல்லையா? மனசு கேக்கலை. வண்டிக்குன்னு வச்சிருந்த கேன்ல இருந்து ஒரு லிட்டர் ஊத்தி, நல்லா அலசி, திருப்பி வடிச்சுட்டேன். ஒரு சொட்டு விடலை. அப்புறம் ஒரு மணி நேரம் காத்துலகூட வச்சேனே!”

“ஒரு லிட்டர் எது?”

“பெட்ரோல்தான். பெட்ரோல் டேங்க்தானே சம்பந்தி, பெட்ரோல் பட்டா என்ன?”

மெக்கானிக் நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். ஆனால் அவரும் அதைத்தான் செய்திருப்பார். பட்டறையில் எதைக் கழற்றினாலும் பெட்ரோலில் அலசித்தானே வைக்கிறார்கள்? வண்டியைக் கண்ணாக வைத்திருக்கிற ஒருத்தருக்குத்தான் இப்படி ஒரு தப்பு செய்யத் தோன்றும். வண்டி மேல் அக்கறை இல்லாதவன் போர்த்திக்கொண்டு தூங்கியிருப்பான்.

“அக்கா” என்றார் மெக்கானிக். “உங்களுக்கு வாசனை வரலையா?”

கேட்டுவிட்டார். ஐந்து மாதமாக யார் வாயிலிருந்தும் வந்துவிடக்கூடாது என்று அவள் பயந்த கேள்வி. கேட்ட பிறகு பார்த்தால் அதில் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. வெயில் அப்படியே அடித்தது. கையில் மீட்டர் இருந்தது. அவளுக்குச் சிரிப்புதான் வந்தது.

“வராது தம்பி. அஞ்சு மாசமா என் மூக்கு மூச்சு விட மட்டும்தான்.”

சம்பந்தி தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“எனக்கு மூக்கு இல்ல, சரி. உங்க மூணு பேருக்கும் நல்லாத்தானே இருக்கு? ஏன் யாருக்கும் வரலை?” ஒவ்வொருத்தராகப் பார்த்தாள். “சம்பந்தி காலைல கேனுக்குள்ளேயே தலையை விட்டிருக்கீங்க, உங்களுக்கு எப்படி வரும்? தம்பி பெட்ரோல்லயே கை கழுவற ஆளு. எங்க வீட்டுக்காரர் பசை டப்பாவைக் கட்டிக்கிட்டு முப்பது வருஷம் குடும்பம் நடத்தறவரு.”

“உன்னையும்தான்” என்றார் புருஷன் பாவமாக.

“நானும் நடுநடுவுல இருந்தேன், ஒத்துக்கறேன்.”

மெக்கானிக் முதல் தடவையாகச் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும், “அப்ப இத்தனை வருஷம் முகந்து பாத்துத்தானே வெல்டிங் வச்சீங்க?” என்றார். விடுகிற ஆள் இல்லை.

“யாரு சொன்னா? என் மூக்கு ‘வேண்டாம்’னு மட்டும்தான் சொல்லும். ‘சரி, வை’ன்னு ஒரு நாளும் சொன்னது கிடையாது. அதைச் சொன்னது தண்ணி. கழுவின தண்ணி, ரொப்பின தண்ணி. முகந்து பாத்துட்டு நேரா நெருப்பு வச்சவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, நான் போய் எந்தக் காது கேக்குதுன்னு பாத்துப் பேசறேன்.”



சம்பந்திதான் முதலில் அசைந்தார். சட்டையைக் கழற்றித் துணிக்கொடியில் மாட்டினார். “நானே கழுவறேன் சம்பந்தி. எத்தனை தண்ணின்னாலும் சரி. ஒண்ணு மட்டும் கேக்கறேன். இது எங்க வீட்டம்மா காதுக்குப் போகவேண்டாம்.”

“எங்கிட்டேருந்து போகாது. என் மகள்கிட்ட போகாம பாத்துக்கறது அவ அப்பா பொறுப்பு” என்றாள் மூக்கக்கா. புருஷன் பெரிய மனுஷன் மாதிரி தலையை ஆட்டினார்.

மறுபடி கொதிநீர், மறுபடி தூள், மறுபடி நாலு பக்கமும் சாய்ப்பு. சம்பந்தி குலுக்கிய குலுக்கில் அவர் தொப்பையும் சேர்ந்து குலுங்கிற்று. முதல் தண்ணீரில் அந்த வானவில் படலம் பளபளவென்று மிதந்ததைக் காட்டி, “பாத்தீங்களா, இதான் உங்க ஒரு லிட்டர்” என்றாள். ஐந்து தண்ணீர் முடிந்ததும் மீட்டரை எல்லாருக்கும் நடுவில் வைத்தாள். ஒளிக்காமல், துணியில் சுற்றாமல். அடியில், தடுப்புக்குப் பின்னால், மூலை மூலையாக விட்டாள். பூஜ்யம். பத்து நிமிஷம் விட்டு மறுபடி. பூஜ்யம்.

அப்புறம்தான் அவளுடைய கையைப் பார்க்கவேண்டும். வளையம் வைக்கிற இடத்தை மேலே வரும்படி டேங்கைக் கிடத்தி, அந்த இடத்துக்கு ஒரு விரல் கீழே வரைக்கும் தண்ணீர் ரொப்பினாள். ஆவி உட்கார இடமே கொடுக்கக்கூடாது. பொறி பறக்கிற எந்த மிஷினையும் எடுக்கவில்லை, கையால் சுற்றுகிற துளைக்கருவியால் வாயை வெட்டினாள். மிச்சமிருந்த அந்த ஒரு விரல் இடத்துக்கும் சிலிண்டரிலிருந்து ஆர்கான் வாயுவை மெல்ல விட்டாள். அது எரியாது, எரிய விடாது. டேங்கின் வாய்கள் எல்லாம் திறந்தே இருந்தன. சூட்டில் உள்ளே காற்று பெருத்தால் வெளியேற வழி வேண்டும். அடைத்துவிட்டால் தண்ணீர்கூட வெடிக்கும்.

“எல்லாரும் கேட்டுக்கு வெளிய போங்க.”

“அதான் பூஜ்யம் காட்டிடுச்சே?” என்றார் சம்பந்தி.

“பூஜ்யம் எனக்கு. கேட்டு உங்களுக்கு.”

போனார்கள். சம்பந்தியை வெளியே போகச் சொன்னது இதுதான் முதல் தடவை என்பது அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது. அவரும் தட்டவில்லை.

முகமூடியை இறக்கினாள். நகக்கண் அளவுக்கு ஒரு தையல், நிறுத்தம். எதிர்ப்பக்கம் ஒரு தையல், நிறுத்தம். ஒரே இடத்தில் சூடு தங்கவிடாமல் மாற்றி மாற்றி. ஐந்து மாதமாக ஒவ்வொரு டேங்கிலும் ஒரு பயம் கூடவே உட்கார்ந்திருந்தது. யாராவது வந்துவிடுவார்களோ, பெட்டியைத் திறந்துவிடுவார்களோ என்று. அது இப்போது இல்லை. டேங்கும் அவளும் மட்டும்தான். வளையம் முடிந்து, டேங்கைச் சாய்த்து, பக்கத்துக் குழாய் வைக்கிற இடம் மேலே வரும்படி திருப்பி, மறுபடி தண்ணீர் ரொப்பி, மறுபடி மீட்டர், மறுபடி ஆர்கான். குழாயும் உட்கார்ந்தது.

மத்தியானம் தண்ணீரை வடித்து, வாய்களை அடைத்து, சைக்கிள் பம்பால் துளியூண்டு காற்று ஏற்றி, சோப்பு நுரையைத் தடவினாள். வளையத்தைச் சுற்றி ஒன்றுமில்லை. குழாயின் அடியில் கடுகளவுக்கு ஒரு குமிழி வந்து வந்து உடைந்தது.

“ஒரு ஊசி ஓட்டைதானே, பசை ஏதாவது…” என்று ஆரம்பித்த சம்பந்தி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே குடத்தை எடுத்துத் தண்ணீர் ரொப்பப் போனார். மறுபடி முதலிலிருந்து. மறுபடி எல்லாரும் கேட்டுக்கு வெளியே. இரண்டாவது சோப்பில் நுரை நுரையாகவே நின்றது, எங்கும் குமிழி இல்லை.

“இப்ப உங்க பெட்ரோலைக் கொண்டாந்து எவ்வளவு வேணும்னாலும் அலசுங்க சம்பந்தி. துரு ஒண்ணும் பண்ணாது. நெருப்பு வேலை முடிஞ்சுது.”

அவர் டேங்கைத் துண்டில் சுற்றினார். வாசல் வரை போனவர் திரும்பி, “ஊர்ல கேட்டா நான் என்ன சொல்லட்டும்?” என்றார். இத்தனை வருஷம் அந்த மூக்கைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்தவர். ஏதோ தன்னுடைய சொத்தே பறிபோன மாதிரி நின்றார்.

“உள்ளதைச் சொல்லுங்க. மூக்கு இல்லாதவ கண்டுபிடிச்சான்னு.”

அவர் முகம் மலர்ந்துவிட்டது. அது இன்னும் நல்ல கதை என்று அவருக்குப் பட்டிருக்கவேண்டும்.

மெக்கானிக் மட்டும் ஒன்றும் சொல்லாமல் போனார். அன்று சாயங்காலம் முழுக்கப் புருஷன் தையல் மிஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். “இனிமே அவன் அனுப்ப மாட்டான்” என்றார். “அனுப்பலைன்னா போகட்டும்” என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, “நீ தடுமாறலை. அதை நான் பாத்தேன்” என்றார். டேங்க் வேலையைப் பற்றிய பேச்சு அந்த வீட்டில் அதோடு முடிந்தது. யார் ஜெயித்தது என்று அவளும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் ஃபோன் அடித்தது. மெக்கானிக்.

“அக்கா, அந்த மீட்டர் எங்க வாங்கினீங்க? பட்டறைக்கு ஒண்ணு வேணும்.” அவள் கடையைச் சொன்னாள். அவர் வைக்காமல் இழுத்தார். “அப்புறம் ரெண்டு டேங்க் இருக்கு. இன்னிக்கு அனுப்பட்டுமா? சத்தியமா யாரும் அலசலைக்கா.”

“அலசியிருந்தா மட்டும் என்ன தம்பி? நான் எப்படியும் முதல்லேருந்துதான். அனுப்புங்க.”

ஃபோனை வைத்துவிட்டு, சமையலறைக்குப் போய்ப் பெரிய அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்தாள்.